ஒரு வாய் மீன்

போன் அலறியது!

இன்ஸ்பெக்டர் அப்போதுதான் பூட்ஸைத் தளர்த்திவிட்டுச் சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் திறந்திருந்தாள். அந்த ஸ்டேஷனில் மூடியைத் திறந்தால் போன் அடிக்கும். எத்தனையோ தடவை சோதித்துப் பார்த்தாகிவிட்டது.

"ஸ்டேஷன்."

"மேடம்... ஆலையிலேர்ந்து பேசறேன்... எங்க முதலாளி... தட்டுல விழுந்துட்டாரு..."

"தட்டுலயா? தடுக்கி விழுந்தாரா?"

"இல்ல மேடம். செத்து விழுந்தாரு."

லைன் கட்!

இன்ஸ்பெக்டர் டப்பாவை ஏக்கமாகப் பார்த்துவிட்டு மூடினாள்.

"ஏட்டய்யா, ஜீப்பை எடுங்க. ஆலை முதலாளி காலி."

ஏட்டு எழுந்தார். பென்ஷனை எட்டிப் பிடிக்கப்போகிற வயசு. வயிறு முன்னால் போகும், அவர் பின்னால் போவார்.

"இன்னிக்கு அங்க பத்திரிகைக்காரங்களுக்கு விருந்துன்னு சொன்னாங்களே மேடம்..."

"ஆமா."

"முதலாளி சாப்பிட்டு முடிச்சு செத்தாரா... நடுவுலயே போயிட்டாரா?"

"அது தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?"

"இல்ல... மிச்சம் மீதி இருக்குமான்னு பார்த்தேன்."

இன்ஸ்பெக்டர் பார்த்த பார்வையில் ஏட்டு ஓடிப்போய் ஜீப்பில் ஏறினார்.

ஜீப் கடலோரமாகப் பறந்தது.

ரோட்டோடு கூடவே ஆலையின் கழிவுக் குழாய் வந்தது. ஒரு ஆள் குனியாமல் நடந்து போகலாம், அவ்வளவு பெரிய குழாய். அது கடலில் வாயை வைத்திருந்த இடத்தில் தண்ணீர் இன்றைக்குப் பழுப்பு நிறம். போன வாரம் பச்சை. ஆலையில் என்ன காய்ச்சுகிறார்களோ அந்தக் கலர்!

கரையில் குடியிருப்பவர்கள் ஆலைக்கு முன்னால், ரோட்டுக்கு முன்னால், இந்த ஸ்டேஷனுக்கும் முன்னால் வந்தவர்கள். அவர்களுடைய தாத்தாவுக்குத் தாத்தா வலை போட்ட தண்ணீர் அது. இப்போது வலையில் பாதி நுரை ஏறியது. தண்ணீரில் நின்றவர்களின் காலும் கையும் வெந்து புண்ணாயின. மனு மேல் மனு போட்டுக் கடைசியில் ஒரு விசாரணைக் குழுவை வரவழைத்திருந்தார்கள்.

குழு இன்று சாயங்காலம் வருகிறது.

அதற்குள் முதலாளி ஒரு வேலை செய்தார். 'அந்தக் கடல் மீனை உங்க கண் முன்னாடி நானே தின்னு காட்டறேன், எனக்கு ஒண்ணும் ஆகாது' என்று சொல்லிப் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுவிட்டார்.

ஆகிவிட்டது.

"சமைச்சது யாரு ஏட்டய்யா?"

"கரையில மெஸ் வெச்சிருக்கே, அந்த அக்காதான். மெஸ் அக்கா. கரை ஆளே சமைச்சாத்தான் எடுபடும்னு கூட்டிட்டுப் போனாங்களாம்." ஏட்டு ஸ்டியரிங்கைத் திருப்பினார். "அது விஷம் வைக்கற ஆளு இல்ல மேடம். உப்பு ஒரு கல்லு கூடிட்டாக்கூட தானா வந்து சொல்லிடும். வியாபாரத்துக்கே லாயக்கில்லாத நேர்மை."

ஆலை வாசல்.

தினமும் அங்கே கரை ஜனங்கள் தொண்டை கிழியக் கோஷம் போடுவார்கள். இன்று சத்தமே இல்லை. மர நிழலில் உட்கார்ந்து காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, ஆளாளுக்கு எதையோ மென்றுகொண்டிருந்தார்கள். வாய் நிறைய இருக்கும்போது எப்படிக் கோஷம் போடுவது?

ஏட்டு மூக்கை உறிஞ்சினார். "மேடம், வறுத்த..."

"ரோட்டைப் பாருங்க."

விருந்தினர் மாளிகை. ஏசி ஹால். நீள மேசை, வெள்ளை விரிப்பு.

நடு நாற்காலியில் முதலாளி உட்கார்ந்திருந்தார். கன்னம் தட்டில்... கண் திறந்தபடி... வாயோரத்தில் ஒரு வாய் மீன், உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல்!

தலைக்கு மேல் பெரிய பேனர். 'நம் கடல்! நம் மீன்! நம் நலம்!'

இன்ஸ்பெக்டர் மற்ற தட்டுகளை நோட்டம் விட்டாள். எல்லாவற்றிலும் கோழி.

"மீன் இவருக்கு மட்டுமா?"

"கோழி எல்லாருக்கும் பிடிக்குமேன்னு..." என்றபடி முன்னால் வந்தான் மேனேஜர். முதலாளியின் மனைவிக்குத் தம்பி. ஆலையில் முகத்துக்கு நேராக 'சார்', முதுகுக்குப் பின்னால் 'மச்சான்'. நாமும் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கிறோம் என்பதால் மச்சான் என்றே வைத்துக்கொள்வோம்.

மச்சான் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தான். கைக்குட்டை நனையவில்லை.

"கொலை மேடம். பச்சைக் கொலை. அந்த மெஸ் பொம்பளதான் மீன்ல விஷம் வெச்சுட்டா. கிச்சன்ல பிடிச்சு வெச்சிருக்கோம். கையோட அரெஸ்ட் பண்ணுங்க."

"பண்ணலாம். இருங்க."

"இருக்க நேரமில்ல மேடம். சாயங்காலம் குழு வருது. அதுக்குள்ள அவ கையில விலங்கு இருக்கணும். கரைக்காரங்க எப்படிப்பட்டவங்கன்னு அவங்களும் பார்க்கட்டும்."

"மாமா போய் மீன் ஆறல. அதுக்குள்ள கணக்கெல்லாம் போட்டுட்டீங்க."

மச்சான் கைக்குட்டையை மடித்துப் பாக்கெட்டில் வைத்தான். அதற்கு வேலை முடிந்துவிட்டது.

ஆம்புலன்ஸில் வந்திருந்த டாக்டர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன டாக்டர், விஷமா?"

"அப்படித் தெரியல. நுரை இல்ல, நிறம் மாறல. இவருக்கு ஏற்கெனவே இதயத்துல கோளாறு. நான்தான் வைத்தியம் பார்க்கறேன். பலமா ஏதோ அதிர்ச்சி... நின்னுடுச்சு. போஸ்ட்மார்ட்டம் பண்ணாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்."

"மீன் தின்னா என்ன டாக்டர் அதிர்ச்சி?"

"அது உங்க டிபார்ட்மென்ட்."

கிச்சன்.

மெஸ் அக்கா கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்திருந்தாள். கையில் கரண்டி. காவலுக்கு நின்ற செக்யூரிட்டி அந்தக் கரண்டிக்குப் பயந்து தள்ளியே நின்றான்.

"அக்கா, பக்கத்து ரூமுக்கு வாங்க. பேசணும். ஏட்டய்யா, இங்க ஒரு பொருளும் நகரக்கூடாது. எல்லாம் எவிடென்ஸ்."

"ஈ, எறும்பு அண்டாது மேடம்."

பக்கத்து அறையில் மூட்டைகள். இரண்டு பேரும் ஆளுக்கொரு மூட்டையில் உட்கார்ந்தார்கள்.

"மீன்ல என்ன போட்டீங்க?"

"உப்பு, காரம், எண்ணெய்."

"முதலாளி மேல கோபம் உண்டா?"

அக்கா நிமிர்ந்தாள்.

"கோபமா? தினமும் மனசுக்குள்ள அந்த ஆளக் கொன்னுட்டுத்தான் நான் அடுப்பே பத்த வைப்பேன். என் வீட்டுக்காரர் கையப் பார்த்திருக்கீங்களா மேடம்? வலை இழுத்து இழுத்துக் காய்ச்சுப் போன கை. இந்தத் தண்ணில நின்னு வெந்து போச்சு. தோல் கழண்டு வருது. ஒரு டம்ளரப் பிடிக்க முடியல அவரால. மூணு வேளையும் நான்தான் ஊட்டறேன்."

அவள் குரல் உடையவில்லை.

"ஆனா சாப்பாட்டுல கை வைக்க மாட்டேன். என் கைய நம்பி ஒருத்தன் தட்டு முன்னாடி உட்காந்தா, அவன் எதிரியா இருந்தாலும் சாப்பிட்டு எந்திரிக்கணும்."

"இவரு எந்திரிக்கலயே அக்கா."

"அதான் எனக்கும் புரியல." அக்கா கரண்டியை மடியில் வைத்தாள். "நான் உள்ள போயிட்டா அவருக்கு யாரு ஊட்டுவா? அதுகூடப் பரவால்ல, கரையில யாராவது பார்த்துப்பாங்க. 'இவங்க கொலைகாரங்க'ன்னு சொல்லி எங்க மனுவத் தூக்கிக் குப்பைல போட்டுடுவாங்களே. இன்னிக்கு விட்டா எங்களுக்கு இன்னொரு குழு ஏது மேடம்?"

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

எழுந்து கிச்சனுக்கு வந்தாள்.

ஏட்டு சுவரைப் பார்த்து நின்றிருந்தார். தோள் லேசாக அசைந்தது... தாடை கொஞ்சம் வேகமாக அசைந்தது!

"ஏட்டய்யா."

அசைவு நின்றது.

"திரும்புங்க."

திரும்பினார். கையில் ஒரு முள். சுத்தமாகத் துடைத்து வைத்தது போல இருந்தது.

"அது என்ன?"

"முள்ளு மேடம்."

"மீன் எங்க?"

ஏட்டு கண்ணைத் தாழ்த்தித் தன் வயிற்றைப் பார்த்தார்.

"கொலைக் கேஸ் எவிடென்ஸைத் தின்னுட்டீங்களா?"

"ஒரு சந்தேகத்துலதான் மேடம்... விஷம் இருக்கா இல்லையான்னு..."

"எத்தனை துண்டு சந்தேகம்?"

"சட்டியில இருந்த வரைக்கும். ஆனா ஒரு துண்டு விட்டு வெச்சிருக்கேன். நமக்கும் சட்டம் தெரியும்ல?"

இன்ஸ்பெக்டருக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அதற்குள் ஒரு விஷயம் உறைத்தது. ஏட்டை மேலும் கீழும் பார்த்தாள்.

"உடம்பு எப்படி இருக்கு? மயக்கம், கிறுகிறுப்பு?"

"ஒண்ணும் இல்ல மேடம். கொஞ்சம் தாகம். காரம் தூக்கல்."

ஆக, சட்டியில் விஷம் இல்லை! ஏட்டின் வயிறு சர்டிபிகேட் கொடுத்துவிட்டது.

ஹாலுக்குத் திரும்பினாள். மச்சான் பாய்ந்து வந்தான்.

"ஒத்துக்கிட்டாளா?"

"சட்டியில விஷம் இல்ல."

"அப்பத் தட்டுல வெச்சிருப்பா."

"நான் எல்லாத்தையும் ரெக்கார்டு பண்ணேன் மேடம்," என்றாள் மூலையில் நின்ற ஒரு டிவி நிருபர் பெண். கையில் கேமரா. "பாருங்க."

சின்னத் திரையில் முதலாளி உயிர் பெற்றார்.

சிரிக்கிறார்... மீனைப் பிட்டு வாயில் வைக்கிறார்... கட்டை விரலை உயர்த்திக் காட்டுகிறார். நல்ல தெம்பாகத்தான் இருக்கிறார்.

இரண்டாவது வாய். அப்போது அக்கா தண்ணீர் டம்ளரோடு வருகிறாள். குனிகிறாள். அவர் காதில் ஏதோ சொல்கிறாள்...

முதலாளியின் முகம் வெளிறுகிறது. கட்டை விரல் மடங்குகிறது. வாயில் இருப்பதைத் துப்பப் பார்க்கிறார், விரலைத் தொண்டைக்குள் விடப் பார்க்கிறார், நெஞ்சைப் பிடிக்கிறார்...

தட்டில் விழுகிறார்!

"பார்த்தீங்களா?" மச்சான் துள்ளினான். "மிரட்டியிருக்கா. வாயாலயே கொன்னிருக்கா."

"காதுல என்ன சொன்னாங்கன்னு கேட்டுச்சாம்மா?"

"இல்ல மேடம். மைக் தூரமா இருந்துச்சு."

"கேமரா இப்ப ஓடுதா?"

"ஓடுது."

"நிறுத்தாதீங்க. ஏட்டய்யா, அக்காவக் கூட்டிட்டு வாங்க. அந்த ஒரு துண்டையும் தட்டுல வெச்சு எடுத்துட்டு வாங்க. வழியில அதுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது."

அக்கா வந்தாள். துண்டும் பத்திரமாக வந்தது.

"அக்கா, முதலாளி காதுல என்ன சொன்னீங்க?"

"எப்பவும் சொல்றதைத்தான் சொன்னேன்."

"எப்பவும் என்ன சொல்வீங்க?"

"எந்தத் தண்ணி மீன்னு சொல்வேன். தண்ணி கெட்டதுலேர்ந்து எங்க கரையில அப்படித்தான். மெஸ்ஸோ, கூடையோ, எந்தத் தண்ணில பிடிச்சதுன்னு சொல்லாம யாரும் மீனக் கைமாத்த மாட்டோம். தெரிஞ்சு வாங்கட்டும், தெரிஞ்சு தின்னட்டும். கூடிப் பேசி எடுத்த முடிவு."

"சரி, இவருக்கு என்ன சொன்னீங்க?"

"'ஐயா, இது பெட்டி மீன் இல்ல. நம்ம கடல் மீன். காலைல குழாய்ப் பக்கம் பிடிச்சது. தைரியமா சாப்பிடுங்க'ன்னு சொன்னேன்."

சுவரோரமாக நின்ற பத்திரிகைக்காரர்கள் பேனாவைத் திறந்தார்கள்.

"பொய்!" மச்சான் கத்தினான். "குழாய்ப் பக்கமாவது, பிடிச்சதாவது. அது எங்கேயோ தூரத்துத் துறைமுகத்துலேர்ந்து நான் ஐஸ் போட்டு வரவழைச்ச மீன். மாமாவுக்கே தெரியும். பெட்டியே கிச்சன்லதான் கிடக்கு, போய்ப்..."

பாருங்க என்று முடிக்கவில்லை. கேமராவின் சிவப்பு விளக்கு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் மெதுவாகத் தலையை உயர்த்திப் பேனரைப் படித்தாள். நம் கடல்... நம் மீன்... பிறகு மச்சானைப் பார்த்தாள்.

"ஓ. கடல் வெளியூர், மீன் வெளியூர், நலம் மட்டும் நம்முதா?"

மச்சானுக்கு வியர்த்தது.

"அக்கா, இவரு பெட்டியில வரவழைச்சேங்கறாரு. நீங்க கடல் மீன்ங்கறீங்க. எது நிஜம்?"

"ரெண்டும் நிஜம்தான் மேடம். காலைல இந்த சார் பெட்டியக் கொடுத்தாரு. 'பரிமாறும்போது, இது நம்ம கடல் மீன்னு கேமரா முன்னாடி சத்தமாச் சொல்லணும்'னு உத்தரவு போட்டாரு. பெட்டி மேல வேற துறைமுகத்துப் பேரு ஒட்டியிருக்கு. எந்தத் தண்ணின்னு பொய் சொல்லி நான் இதுவரைக்கும் ஒருத்தருக்கும் பரிமாறினதில்ல." அக்கா ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். "சொல்ற வார்த்தைய மாத்தக்கூடாதுன்னுட்டாரு. அதனால மீன மாத்திட்டேன்."

நிருபர் பெண் சிரிப்பை அடக்கியதில் கேமரா குலுங்கியது.

"சத்தமாச் சொல்லலயே?"

"கேமரா முன்னாடி கூச்சமா இருந்துச்சு. திங்கறவருக்குத் தெரிஞ்சா போதாதா? அவருக்குத் தெரியாத மீனா? நாள் தவறாம 'நல்ல மீன், நல்ல மீன்'னு அவருதான் எங்களுக்குச் சொல்வாரு. இப்படிப் பயந்துடுவாருன்னு நான் கண்டனா?"

"கேட்டீங்கள்ல?" மச்சானுக்கு உயிர் திரும்பியது. "ஒத்துக்கிட்டா. அந்த மீனப் போட்டுத்தான் கொன்னிருக்கா. எழுதுங்க மேடம், கொலைன்னு எழுதுங்க."

"எழுதறேன். ஒரு சின்ன டவுட்." இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தாள். "நம்ம கடல் மீன் விஷமா, இல்லையா?"

மச்சான் வாயைத் திறந்தான். மூடினான்.

"விஷம்னா சொல்லுங்க, அக்காவ இப்பவே ஜீப்புல ஏத்தறேன். விஷம் இல்லன்னா அவங்க சமைச்சாங்க, பரிமாறினாங்க, வீட்டுக்குப் போகட்டும். எதை எழுதட்டும்?"

வெளியே கார் கதவுகள் மூடும் சத்தம் கேட்டது. குழு! சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. அரசாங்கக் காரியத்தில் நடக்காத அதிசயம்!

மச்சான் ஜன்னலைப் பார்த்தான். கேமராவைப் பார்த்தான். முதலாளியின் காலி ஆகப்போகிற நாற்காலியைப் பார்த்தான். ஆசை ஜெயித்தது.

"விஷம் இல்ல. அருமையான மீன்."

"நல்லது." இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினாள். அந்த ஒற்றைத் துண்டுத் தட்டை அவன் முன்னால் நகர்த்தினாள். "அப்ப உட்காருங்க."

"எ... எதுக்கு?"

"விருந்து பாதியில நின்னுடுச்சே. மாமா விட்ட இடத்துலேர்ந்து நீங்க முடிச்சு வைங்க. பத்திரிகைக்காரங்க எல்லாரும் இருக்காங்க. அடுத்த முதலாளி நீங்கதானே?"

மச்சான் உட்கார்ந்தான். மீனை எடுத்தான். வாய் வரைக்கும் கொண்டுபோனான்...

இன்ஸ்பெக்டரின் கை மேசை ஓரத்தில் தயாராக இருந்தது. மீன் வாய்க்குள் போகப் பார்த்திருந்தால் தட்டிவிட்டிருப்பாள்.

தேவைப்படவில்லை. மச்சான் மீனை வீசி எறிந்துவிட்டு நாற்காலியோடு பின்னால் சாய்ந்தான்.

"முடியாது! மனுஷன் திங்கறதா இது? குழாய்ல என்னென்ன விடறோம்னு எனக்குத் தெரியாதா? பாதி கெமிக்கலுக்கு நாங்க மூடியத் திறக்கறப்பவே முகமூடி போட்டுப்போம்..."

சொல்லி முடித்த பிறகுதான் கதவுப் பக்கம் திரும்பினான். வாசலில் குழுவின் மூன்று பேரும் வரிசையாக நின்றிருந்தார்கள். நடுவில் நின்ற அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"மேனேஜர் சார், உட்காருங்க. எங்க வேலைய நீங்களே ஆரம்பிச்சுட்டீங்க. அந்த மூடி, முகமூடி... அதைக் கொஞ்சம் விவரமாச் சொல்லுங்க."

இன்ஸ்பெக்டர் டாக்டரை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"ரெண்டு வாய் மீன் ஒருத்தர உடனே கொல்லுமா?"

"கொல்லாது. வருஷக்கணக்காத் தின்னா உடம்பு உளுத்துப்போகும். இவரு மீனால சாகல. பயத்தால செத்தாரு."

இன்ஸ்பெக்டர் அக்காவின் தோளைத் தொட்டாள்.

"போஸ்ட்மார்ட்டத்துலயும் இதையே சொன்னா, அப்புறம் ஒரு கையெழுத்து மட்டும் போதும். ஒருத்தரு பேனர்ல எழுதி வெச்சதை அவரு காதுல சொல்றதுக்கு எங்ககிட்ட செக்‌ஷன் இல்ல. வீட்டுக்குப் போங்கக்கா. அண்ணனுக்கு ஊட்டற நேரம்."

அக்கா தலையை ஆட்டினாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பெட்டி மீனை என்னக்கா பண்ணீங்க? தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"மீனத் தூக்கிப் போடுவாங்களா யாராவது? வறுத்து, வாசல்ல நிக்கற எங்க ஜனங்களுக்குப் பொட்டலம் போட்டு அனுப்பிட்டேன். அவங்ககிட்டயும் எந்தத் தண்ணின்னு சொல்லிட்டுத்தான் கொடுத்தேன்." இப்போதுதான் முதல் முறையாக அவள் கண் கலங்கியது. "கடல ஒட்டியே குடியிருக்கோம் மேடம். பயப்படாம ஒரு மீன் தின்னு எத்தனை வருஷமாச்சு தெரியுமா?"

இன்ஸ்பெக்டர் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நிழலில் கரை ஜனங்கள் முள்ளைக்கூட விடாமல் சப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்ட்ரெச்சரில் முதலாளியைக் கிடத்தி ஆம்புலன்ஸுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"மேடம், ஒரு நிமிஷம்." ஏட்டின் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. "ஏம்மா மெஸ்ஸு... பெட்டி மீன் வாசலுக்குப் போயிடுச்சு..."

"ஆமாண்ணே."

"அப்ப... சட்டியில இருந்தது?"

"குழாய்ப் பக்கம் பிடிச்சதுதாண்ணே. ஏன்?" அக்கா அவர் மீசையில் ஒட்டியிருந்த துணுக்கை அப்போதுதான் பார்த்தாள். "ஐயோ, நான் இல்லாதப்ப எடுத்துத் தின்னுட்டீங்களா? இருந்திருந்தா சொல்லிட்டுக் கொடுத்திருப்பேனே!"

ஏட்டு ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையை ஆம்புலன்ஸைப் பார்த்து வேகமாக ஆட்டினார்.

"டிரைவரு, வண்டிய எடுத்துடாத... முதலாளியக் கொஞ்சம் தள்ளிப் படுக்கச் சொல்லு!"